சீரோஸுக்கு ஒரு விடுமுறை

ரெனான்
14 யூலை 1986

அன்புள்ள அண்ணைக்கு யசோதரா எழுதுவது.

கையெழுத்தைக் கண்டவுடன் கிழித்து எறிந்துவிடாமல் கடைசிவரை வாசியுங்கள். இரண்டு வருடமாக நீங்களும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. ஒரே சுவிஸ் நாட்டுக்குள் உங்கள் ஓல்டனுக்கும் எங்கள் ரெனானுக்கும் இடையில் ரெயிலில் அரை நாள்கூட இல்லை. ஆனாலும் ஆளுக்கொரு கண்டத்தில் இருப்பதுபோல இருந்துவிட்டோம். இப்போது நான் சண்டைக்கு வரவில்லை.

முதலில் உங்கள் சுகம் சொல்லுங்கள். இருமல் விட்டதா? இன்னும் அந்த ரெஸ்ரோறன்ற் குசினியில்தானா வேலை? அகதி வழக்குக்குப் பேர்ணிலிருந்து பதில் ஏதும் வந்ததா? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? இது கடிதத்தின் தலைப்பில் எல்லோரும் எழுதுகிற நலம் விசாரிப்பு இல்லை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.

இனி எங்கள் புதினம். செப்ரெம்பரில் நானும் இவரும் விடுமுறைக்குக் கிரேக்க நாட்டுக்குப் போகிறோம். சீரோஸ் என்று ஒரு தீவு. ஓம், விடுமுறைக்குத்தான். இவருடைய தொழிற்சாலையில் வெள்ளைக்காரர் எல்லோரும் வருடாவருடம் எங்கேயோ போய்க் கறுத்துவிட்டு வருகிறார்கள். "தில்லைநாதன், நீ மட்டும் ஏன் ஓரிடமும் போறதில்லை?" என்று மேலாளர் கேட்டாராம். எங்களுக்குக் கறுக்கவேண்டிய தேவை இல்லைத்தான். என்றாலும் போகிறோம். யாரும் சொல்லி நீங்கள் அறிவதைவிட நானே சொல்வது மரியாதை என்று எழுதுகிறேன்.

கப்பலில் இருக்கும் தம்பி தவத்திடமிருந்து உங்களுக்குக் கடிதம் ஏதும் வந்ததா? அதையும் எழுதுங்கள்.

அன்புடன்,
யசோ


ஓல்டன்
19 யூலை 1986

தங்கச்சி யசோதராவுக்கு,

கடிதம் கண்டேன். இருமல் இருக்கிறது. வேலை அதே குசினி. பேர்ணிலிருந்து பதில் இல்லை. சாப்பிடுகிறேன். கேட்டபடி தனித்தனியாக எழுதியிருக்கிறேன்.

உன் விடுமுறை விடயத்தை இரண்டு தரம் வாசித்தேன். முதல் தரம் பகிடி என்று நினைத்தேன். கொக்குவிலில் அம்மா ஹெலிச் சத்தம் கேட்டால் பதுங்கு குழிக்குள் இறங்குகிறா. உனக்குக் கடற்கரையில் படுத்துக்கிடக்க ஆசை வந்திருக்கிறது. நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தது எதற்கு என்று உனக்கு மறந்துவிட்டதா? இஞ்சை ஓல்டனில் பொடியள் கூட்டமாக ஒரு அறைக்குள் கிடந்து, மிச்சம் பிடித்து ஊருக்கு அனுப்புகிறார்கள். "உங்கடை தங்கச்சி கிரேக்கத்துக்குக் குளிக்கப் போறாவாம்" என்று அவர்கள் கேட்டால் நான் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது?

ஓய்வு வேண்டும் என்றால் உங்கள் வாசலிலேயே அவ்வளவு பெரிய ஏரி இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ஒரு மர வாங்கில் இருங்கள். கடல் வேண்டாம். கப்பல் ஏறவே வேண்டாம். இதை நான் மூத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

தவம் சுகமாக இருப்பான். கப்பல்காரருக்குக் கடிதம் எழுத நேரம் கிடைப்பதில்லை.

சச்சிதானந்தன்


ரெனான்
25 யூலை 1986

அண்ணைக்கு,

உங்களிடம் அனுமதி கேட்டு நான் எழுதவில்லை. அறிவித்தேன். மூத்தவர் என்ற முறையில் நீங்கள் எடுத்த முடிவுகளை நான் நன்றாகப் பார்த்திருக்கிறேன்.

கடல் வேண்டாம் என்று யார் சொல்கிறது? எண்பத்திமூன்றில் கலவரம் முடிந்து இரண்டு மாதத்தில், பத்தொன்பது வயதுப் பிள்ளையைக் கப்பலில் ஏற்றியது யார்? நீங்கள் சுவிசுக்கு வந்தீர்கள். கட்டில், கணப்பு, ரெயில், எல்லாம் உள்ள நாடு. அவனுக்கு ஏஜென்சிக்காரனிடம் ஒரு கிரேக்கக் கப்பலைப் பிடித்துக் கொடுத்தீர்கள். அவனுக்குத் தலை சுற்றும், வாந்தி வரும், ஊர்காவற்றுறை வள்ளத்துக்கே பயப்படுகிறவன். தெரிந்துதானே அனுப்பினீர்கள்?

உங்கள் அறையில் வைத்து அன்றைக்கு நான் சொன்ன சொல்லை இரண்டு வருடத்தில் ஒருநாளும் திருப்பி எடுக்கவில்லை. எடுக்கவேண்டும் என்று இந்த மாதம்தான் முதல்முதலாக நினைத்தேன். அதற்குள் இப்படி ஒரு கடிதம் எழுதி என் வாயைத் திரும்பவும் கிளறிவிட்டீர்கள்.

நாங்கள் போகத்தான் போகிறோம். ஓல்டன் பொடியள் கேட்டால் என் விலாசத்தைக் கொடுத்துவிடுங்கள். நானே பதில் சொல்லிக்கொள்கிறேன்.

யசோதரா


ஓல்டன்
2 ஓகஸ்ட் 1986

அன்புள்ள யசோ,

நேற்று இந்த நாட்டின் தேசிய தினம். ஆற்றங்கரையில் வாணவேடிக்கை. சத்தம் கேட்டதும் என்னை அறியாமல் கட்டிலுக்குக் கீழே குனிந்துவிட்டேன். பிறகு நிமிர்ந்து, உன் கடிதத்தை மேசையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தேன். உனக்கு ஒன்று சொல்லவேண்டும். சொல்லக் கூடாது என்றுதான் பெப்ரவரியிலிருந்து இருக்கிறேன்.

தவத்திடமிருந்து பத்து மாதமாக எனக்குக் கடிதம் இல்லை. பிரேயஸ் துறைமுகத்து ஏஜென்சிக்கு மூன்று தரம் எழுதினேன். கடைசியில் ஒரே ஒரு வரி வந்தது. அவன் போன ஒக்ரோபரிலேயே அந்தக் கப்பலை விட்டு இறங்கிவிட்டான், அதற்குமேல் தங்களுக்குத் தெரியாது என்று. அதற்குப் பிறகு சூரிச்சில் வல்வெட்டித்துறைக்காரர் ஒருவரைச் சந்தித்தேன். அவரும் கப்பலில் இருந்தவர். பனிக்காலத்தில் ஸ்பெயினுக்கு மேலே ஒரு கிரேக்கக் கப்பல் கடலுக்குள் தாண்டுபோனது என்றும், அதில் எங்கடை பொடியள் ஐந்துபேர் இருந்தவை என்றும் சொன்னார். பெயர்கள் அவருக்குத் தெரியவில்லை. ஒருவன் கொக்குவில் என்று கேள்விப்பட்டாராம்.

யசோ, கொக்குவிலிலிருந்து கப்பலுக்குப் போனவர்கள் எத்தனைபேர்?

அம்மாவுக்கு நான் மாதாமாதம் எழுதிக்கொண்டிருக்கிறேன். தவம் கடிதம் போட்டான், சுகமாக இருக்கிறான், இப்போது நல்ல சமையல்காரனாம், கொழுத்துவிட்டானாம் என்று. இரவல் கற்பனை எல்லாம்.

நீ அன்றைக்குச் சொன்னாய், "அம்மா பெத்தது மூண்டு, நீங்கள் ஒண்டைக் கடலிலை போட்டிட்டியள்" என்று. அப்போது எனக்குக் கோபம் வந்தது. பெப்ரவரிக்குப் பிறகு கோபமும் வருவதில்லை. சுவிசுக்கு ஒருவருக்குத்தான் அப்போது வழி இருந்தது. அவனுக்கு முன்னமே கப்பல் வேலைக்கான புத்தகம் எடுத்து வைத்திருந்தோம், பத்து நாளில் ஏறலாம் என்றார்கள். என் வழிக்கு மூன்று மாதம் காத்திருக்கவேண்டும். ஆமி பொடியளை றோட்டில் பிடித்துக்கொண்டு போன காலம். பத்து நாளில் வெளியே போகவேண்டியது அவன்தான் என்று கணக்குப் போட்டேன். அந்தக் கணக்குச் சரியா என்று ஒவ்வொரு நாளும் பாத்திரம் கழுவும்போது திரும்பப் போட்டுப் பார்க்கிறேன்.

அந்தத் தண்ணீரில் நீ குளிக்கப் போகிறாய் என்று எழுதினாய். என்னால் தாங்க முடியவில்லை. ஊர் என்ன சொல்லும் என்று எழுதியது அதை மறைக்கத்தான். இப்போது உனக்கும் தெரிந்துவிட்டது. இவ்வளவு நாளும் நீ நிம்மதியாக இருந்தாயே என்ற ஆறுதலும் போய்விட்டது.

உன் அண்ணன்


ரெனான்
4 ஓகஸ்ட் 1986, திங்கள்
எக்ஸ்பிரஸ் தபால்

என்ரை அண்ணை,

தவம் இருக்கிறான். உயிரோடு இருக்கிறான். முதலில் இதை வாசியுங்கள், மிச்சத்தைப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள். தவம் சீரோஸ் தீவில் இருக்கிறான்.

உங்கள் கடிதம் காலையில் வந்தது. வேலைக்குப் போகவில்லை. நடு விறாந்தையில் இருந்து குழறி அழுதேன், இவர் பயந்துபோனார். எனக்கு யூன் மாதமே தெரியும் அண்ணை. இரண்டு மாதமாகத் தெரிந்துகொண்டு உங்களிடம் மறைத்திருக்கிறேன். நீங்கள் அந்த இரண்டு மாதமும் அப்படிக் கிடந்திருக்கிறீர்கள். என்னை நான் என்ன செய்வது?

போன ஒக்ரோபரில் கப்பலில் கயிறு சுற்றும் யந்திரத்துக்குள் அவனுடைய வலது கை அகப்பட்டுவிட்டது. மூன்று விரல் போய்விட்டது. கப்பல் திருத்துகிற பெரிய துறை ஒன்று சீரோஸில் இருக்கிறது. அங்கே இறக்கி, ஆசுப்பத்திரியில் விட்டார்கள். பேனை பிடிக்க முடியாது. வேறு ஆளைக்கொண்டு தமிழில் எழுதுவிக்க அங்கே ஒரு தமிழனும் இல்லை. மே மாதம் காரைநகர் சண்முகலிங்கம் என்பவர் வேறு கப்பலில் அங்கே வந்திருக்கிறார். அவர் கையால்தான் எனக்குக் கடிதம் வந்தது. இப்போது கை ஆறிவிட்டது. துறைத் தொழிலாளர் சாப்பிடுகிற சாலையில் சமைக்கிறான். நீங்கள் அம்மாவுக்கு எழுதியது பொய் இல்லை அண்ணை. உண்மையிலேயே சமையல்காரன்தான், கொழுத்தும் விட்டானாம்.

"அண்ணைக்கு இப்ப சொல்லாதை. கையைப் பற்றிக் கேட்டால் தன்னாலைதான் எண்டு நினைச்சு நித்திரை கொள்ளமாட்டார். நீ வந்து என்னைப் பார், பாத்திட்டு நேரிலை போய்ச் சொல்லு. முதல் அவர் சுகமோ எண்டு அறிஞ்சு எழுது." இது அவன் சொல்லச் சண்முகலிங்கம் எழுதியது. அதற்காகத்தான் உங்கள் இருமலைப் பற்றி அவ்வளவு விசாரித்தேன். விடுமுறைக் கதை விசாவுக்காக. தம்பி கப்பல்காரன், அவனைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னால் அங்கேயே தங்கிவிடுவோம் என்று நினைத்துத் தரமாட்டார்களாம். உல்லாசப் பயணி என்று சொன்னால் தருவார்கள் என்று இவர் விசாரித்து வந்தார்.

செப்ரெம்பர் இருபத்தோராம் திகதி ஒரு கப்பலில் சமையலுக்கு ஏறுகிறான். தென்னமெரிக்காப் பக்கம், இரண்டு வருடம் ஒப்பந்தம். அதற்குமுன் நாங்கள் போய்ச் சேர்ந்துவிடவேண்டும்.

அந்தச் சொல்லைத் திருப்பி எடுக்கிறேன். காலில் விழுந்து கேட்கிறேன் அண்ணை, மன்னித்துவிடுங்கள்.

யசோ


ஓல்டன்
6 ஓகஸ்ட் 1986

யசோ, என்ரை பிள்ளை,

தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் தந்தார். எக்ஸ்பிரஸ் என்றதும் செத்தவீட்டுச் செய்தி என்று பிரிக்கப் பயந்துபோய்ச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். பத்து மணிக்குக் குளிர் அறைக்குள் உருளைக்கிழங்கு எடுக்கப் போனபோது பிரித்தேன். எவ்வளவு நேரம் உள்ளே நின்றேனோ தெரியாது. செஃப் வந்து கதவைத் திறந்து பார்த்தால், நான் உருளைக்கிழங்கு மூட்டைமேல் இருந்து சிரித்துக்கொண்டு அழுகிறேன். அந்த மனிசன் தன் மேற்சட்டையைக் கழற்றி எனக்குப் போர்த்து வெளியே கொண்டுவந்தது.

விரல்தானே. விரல்தானே யசோ. நான் முழுப் பிள்ளையையும் கொடுத்துவிட்டு இருந்தேன்.

மன்னிப்பு, காலில் விழுகிறது, இந்தக் கதையெல்லாம் இனி வேண்டாம். நீ மறைத்தாய், நானும் மறைத்தேன்.

நான் வர முடியாது. வழக்கு முடியும்வரை எல்லை தாண்டினால் இந்த அகதி அவுஸ்வைஸ் அட்டையை வைத்துக்கொண்டு திரும்பி உள்ளே வர முடியாது. ஆகவே நீங்கள் இரண்டுபேரும் எனக்கும் சேர்த்துப் பார்க்கவேண்டும். பயண ஒழுங்கை நான் பார்த்துக்கொள்கிறேன். ஓல்டன் ரெயில் சந்தி, நேரசூசி எல்லாம் என் கைக்குள் இருக்கிறது. லௌசான், மிலான், பிரிண்டிசி, அங்கிருந்து கப்பலில் பத்ராஸ், பஸ்ஸில் பிரேயஸ், திரும்பக் கப்பலில் சீரோஸ். எந்த இடத்தில் எந்த மேடை மாறவேண்டும் என்று தனித் தாளில் எழுதியிருக்கிறேன். மச்சானிடம் கொடு. இத்தாலி கடந்து போகவும் விசா வேண்டும், மறந்துவிடாதே.

மிளகாய்த்தூள் இரண்டு கிலோ என் செலவில் வரும். அவனுக்கு அங்கே என்ன தூள் கிடைக்கப் போகிறது?

அண்ணை


ரெனான்
30 ஓகஸ்ட் 1986

அன்புள்ள அண்ணைக்கு,

இரண்டு கிலோ என்றீர்கள். பார்சலில் வந்தது ஐந்து கிலோ. அதோடு ஒடியல் மா, ஊறுகாய்ப் போத்தல், கம்பளிக் காற்சட்டை இரண்டு. கிரேக்கத்தில் இப்போது வெயில் கொளுத்துகிறது, கம்பளி எதற்கு என்று இவர் கேட்கிறார். "தென்னமெரிக்காவிலை குளிர் இருக்கும்" என்று உங்கள் சார்பில் நானே சொல்லிவிட்டேன்.

இரண்டு விசாவும் கிடைத்துவிட்டது! பேர்ணில் கிரேக்கத் தூதரகத்தில் ஒரு அம்மா எங்கள் இருவரையும் மேலும் கீழும் பார்த்தா. ஏன் சீரோஸ், எல்லோரும் வேறு தீவுகளுக்கல்லவா போகிறார்கள் என்று கேட்டா. இவர் உடனே ரவல் ஏஜென்சியில் தந்த படப் புத்தகத்தை எடுத்து விரித்து, வெள்ளை வீடுகளைக் காட்டி, "மிக அழகு, மிக அழகு" என்று பிரெஞ்சில் சொல்லிக்கொண்டே இருந்தார். அது வேறு தீவின் படம். அந்த அம்மா சிரித்துக்கொண்டு முத்திரை குத்திவிட்டா.

ஏஜென்சியில் நடந்ததையும் கேளுங்கள். இவருடைய பாஸ்போட்டில் தில்லைநாதன் வைத்திலிங்கம். என்னுடையதில் யசோதரா தில்லைநாதன். குடும்பப் பெயர் வேறு வேறு, ஆகவே கல்யாணம் கட்டாத ஆட்கள் என்று அந்தப் பெட்டை தானே முடிவெடுத்து, ஹோட்டலில் ஆளுக்கொரு தனி அறை போட்டுவிட்டாள். இவர் விளங்கப்படுத்துகிறார், தன் பெயர்தான் என் குடும்பப் பெயர், தன் அப்பாவின் பெயர்தான் தன் குடும்பப் பெயர் என்று. "அப்ப உங்கடை பிள்ளைக்கு?" என்று அவள் கேட்டாள். கடைசியில் தாலியைக் காட்டித்தான் ஒரு அறையாக மாற்றினேன்.

இவர் வைக்கோல் தொப்பி ஒன்று வாங்கி வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிகிறார். சலவைப் பகுதியில் என்னோடு வேலை செய்கிற பெண்கள் வெயிலுக்குப் பூசுகிற கிறீம் வாங்கித் தந்திருக்கிறார்கள். பொய்யாகத் தொடங்கிய விடுமுறை இப்போது எனக்கே உண்மைபோல ஆகிவிட்டது அண்ணை. மனது கிடந்து துள்ளுகிறது.

செப்ரெம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை காலை ரெயிலுக்கு ரிக்கற் எடுத்தாயிற்று. பதினைந்தாம் திகதி அவனோடு இருப்போம்.

யசோ


ஓல்டன்
3 செப்ரெம்பர் 1986

அன்புள்ள யசோ,

பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் யார் ரிக்கற் எடுக்கச் சொன்னது? பன்னிரண்டாம் திகதி வெள்ளி, அதோடு நவமி. முதல் நாள் அட்டமி. மூன்று வருடத்துக்குப் பிறகு தம்பியைப் பார்க்கப் போகிற பயணம், இப்படியா வெளிக்கிடுவது? மச்சான் சிரிப்பார், தெரியும். சிரிக்கட்டும். நானும் இந்தக் குசினிக்கு வந்தபிறகு ஒன்றையும் நம்பாமல்தான் இருந்தேன். ஆனால் இந்த ஒரு காரியத்தில் ஒரு சின்னக் குறையும் வைக்க எனக்குத் துணிவில்லை.

ரிக்கற்றை மாற்றவேண்டாம். அப்பா கொழும்புக்கு வெளிக்கிடும்போது நாள் பிழைத்தால் என்ன செய்வார்? முதலே ஒரு நல்ல நேரத்தில் பயணப் பையைக் கொண்டுபோய் ராசா மாமா வீட்டில் வைத்துவிடுவார். பை வீட்டைவிட்டு வெளிக்கிட்டால் பயணம் தொடங்கியதுபோலத்தான். பத்தாம் திகதி புதன்கிழமை நல்ல நாள். காலை ஒன்பது பத்துக்கும் பத்தரைக்கும் இடையில் ஒரு பையை அயல் வீட்டில் கொண்டுபோய் வை. வெறும் துணியை வைத்தால் கணக்கில் சேராது. பயணத்துக்கு முக்கியமான சாமான் ஏதாவது அதற்குள் இருக்கவேண்டும்.

இனி ஒன்று. நீ தவத்தைக் கண்டு, அழுது முடித்து, ஆறுதலாக இருக்கும்போது அவனிடம் ஒரு விடயம் கேள். என்மேல் கோபமா என்று கேள். சுற்றிவளைக்காமல் கேள். அவன் சொல்லுவதை அப்படியே எழுது, எனக்கு நோகும் என்று ஒன்றையும் குறைக்காதே. நான் அவனைக் கப்பலில் ஏற்றிவிட்டுத் தரையில் வந்து இருந்தவன். நீ மன்னித்துவிட்டாய். கை அவனுடையது, அவன்தான் சொல்லவேண்டும்.

அண்ணை


சீரோஸ்
18 செப்ரெம்பர் 1986

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் நல்ல நாளின் மகிமையால் ஒரு நாள் பிந்தித்தான் இந்தத் தீவில் கால் வைத்தோம். அதற்கு உங்களைத் திட்டலாம் என்று பார்த்தால், அந்த நாள் இல்லையென்றால் நீங்கள் என் வீட்டு வாசலுக்கு வந்திருக்கவே மாட்டீர்கள்.

அன்றைக்கு ஒருவரும் ஆற அமர இருந்து கதைக்கவில்லை. இப்போது எழுதுகிறேன். முக்கியமான சாமான் என்று நீங்கள் எழுதியதற்குப் பாஸ்போட்டும் ரிக்கற்றும்தான் என் மூளைக்குத் தோன்றியது. எதிர்வீட்டு வெள்ளைக்கார அம்மா மடம் ரொஷா பையை வாங்கி அலுமாரிக்குள் வைத்தா. "பை முதல் போகுமோ, நீங்கள் பிறகோ?" என்று கேட்டுச் சிரித்தா. தான் வியாழக்கிழமை மகள் வீட்டுக்குப் போவதைச் சொல்ல அவவுக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை விடியப் போய் மணி அடிக்கிறேன், ஒரு சத்தமும் இல்லை. இவர் தொப்பியோடு படியில் இருந்துவிட்டார். கீழ்வீட்டு மேற்பார்வைக்காரரிடம் மகளின் ரெலிபோன் நம்பரை வாங்கி அடித்தால், மகள் இருப்பது ஆராவில். உங்கள் ஓல்டனிலிருந்து பத்து நிமிடம்! இவர் உங்கள் குசினிக்கு அடித்தது அதற்காகத்தான்.

நாலு மணிக்குக் கதவைத் திறக்கிறேன், ஆராவுக்குப் போய் வாங்கிய மடம் ரொஷாவின் வீட்டுத் திறப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நீங்கள் நிற்கிறீர்கள். மேலே கோட், கீழே குசினி ஏப்ரன். எவ்வளவு நரைத்துவிட்டீர்கள் அண்ணை. சொல்ல எவ்வளவோ இருந்தது. "உள்ளுக்கு வாங்கோ" என்பது மட்டும்தான் வாயில் வந்தது. நீங்களும் "பிழை என்னிலைதான், பையை எடு" என்றுவிட்டு நேரசூசியைப் பார்க்கத் தொடங்கிவிட்டீர்கள். லௌசான் மேடையில் ரெயில் நகரும்போது யன்னலோடு ஓடி வந்தீர்களே, அப்போதுதான் எனக்கு உண்மையில் எல்லாம் ஆறியது.

இனி தவம். செவ்வாய்க்கிழமை பின்னேரம் கப்பல் துறைக்குள் திரும்பும்போதே கண்டுவிட்டேன். இவர் சொன்னார், "உது அவன் இல்லை, உது ஆரோ பெரிய ஆள்" என்று. பெரிய ஆள்தான். மீசை, தோள், வயிறு. வலது கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். நான் போய் முதலில் அந்தக் கையைத்தான் பிடித்தேன். பெருவிரலும் சுண்டுவிரலும் இருக்கிறது. அதாலேயே வெங்காயத்தைப் பிடித்துக்கொண்டு இடது கையால் வெட்டுகிறான், நான் இரண்டு கையாலும் வெட்டுவதைவிட வேகம்.

மிளகாய்த்தூள் மூட்டையை மூக்கில் வைத்து மணந்துபார்த்தான். இன்றைக்கு அந்தத் தூளில் மீன்குழம்பு வைத்தான். துறைத் தொழிலாளரில் இரண்டுபேர் ருசி பார்க்க வந்து, இருமிக்கொண்டு ஓடிவிட்டார்கள். நேற்று எங்களைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். இவர் தண்ணீருக்குள் இறங்கினார், நான் சேலையை முழங்கால்வரை தூக்கிக்கொண்டு நின்றேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி, கால்விரல் பத்தும் தெரிந்தது. பயம் வரவில்லை அண்ணை.

நீங்கள் கேட்கச் சொன்னதை நான் கேட்கவில்லை. மூன்று நாளாக வாய்வரை வந்தது. இது என் வாயால் கேட்டு, கடிதத்தில் எழுதி, நீங்கள் அந்தக் குளிர் அறைக்குள் நின்று வாசிக்கிற விடயம் இல்லை. நாளை பின்னேரம் தபால் கந்தோரிலிருந்து உங்கள் குசினிக்கு ரெலிபோன் எடுக்கப் போகிறோம். இந்தக் கடிதம் வருமுன் அது வந்துவிடும். நீங்களே கேளுங்கள்.

யசோ


ஓல்டன்
26 செப்ரெம்பர் 1986

அன்புள்ள யசோ,

நீங்கள் இரண்டுபேரும் வீடு வந்து சேரும்போது இது உங்கள் தபால் பெட்டிக்குள் கிடக்கும். உன் சீரோஸ் கடிதம் இன்றைக்குத்தான் வந்தது. நீ எழுதியதுபோல ரெலிபோன் அதற்கு ஒரு கிழமை முந்திவிட்டது.

மூன்று மணி. மத்தியானச் சாப்பாட்டுக் கூட்டம் முடிந்து பாத்திரம் மலைபோல இருந்தது. செஃப் சத்தம் போட்டார், "சச்சி! ரெலிபோன்! கிரேக்கம்!" என்று. ஒருவன் ஓடிப்போய்க் கழுவும் யந்திரத்தை நிற்பாட்டினான். குசினியே அமைதியாகிவிட்டது. நான் ஈரக் கையோடு வாங்கினேன். என்ன சொல்லவேண்டும் என்று ஆறு கிழமையாக மனதுக்குள் எழுதி அழித்து வைத்திருந்தேன். முதலில் மன்னிப்பு, பிறகு நான் போட்ட கணக்கு, பிறகு அந்தக் கேள்வி.

"அண்ணை, நான் தவம் கதைக்கிறன்" என்றான். குரல் அப்பாவின் குரல்போல இருந்தது. நான் தொடங்குமுன் அவனே கேட்டான், "சாப்பிட்டியளோ?"

நான் "ஓம்" என்றேன். அன்றைக்கு விடியற்காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை.

"என்ன கறி?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "கத்தரிக்காய்ப் பால்கறி" என்றேன்.

அவன் சிரித்தான் யசோ. சின்னவனாக இருக்கும்போது சிரிப்பதுபோல, மூச்சு வாங்கச் சிரித்தான். "அண்ணை, இஞ்சை ஒவ்வொரு நாளும் கத்தரிக்காய்தான். வாட்டினது, பொரிச்சது, இறைச்சிக்குள்ளை வைச்சது. உங்கடை பால்கறி எப்பிடி? தேங்காய்ப்பால் எங்கை எடுத்தனீங்கள்?" என்று கேட்டான். நான் ரின்னில் வருகிற பாலைப் பற்றிச் சொன்னேன். கடைசியில் தேசிக்காய் விடவேண்டும் என்றேன். அவன் பழப்புளிதான் நல்லது என்றான். அதைப் பற்றி வாக்குவாதம் பட்டோம். தபால் கந்தோரில் நீ பின்னால் நின்று நேரம் போகுது என்று கத்தியது எனக்கும் கேட்டது. "கப்பலிலை ஏறி எழுதிறன் அண்ணை, இப்ப இடது கையாலை பழகிறன்" என்றான். அதோடு லைன் வெட்டுப்பட்டுவிட்டது.

அந்தக் கேள்வியைக் கேட்க மறந்துபோனேன். உண்மையாகவே மறந்துபோனேன். ரிசீவரை வைத்த பிறகுதான் நினைவு வந்தது. செஃப் என் முகத்தைப் பார்த்து, கெட்ட செய்தியா என்று கேட்டார். இல்லை, சமையல் கதைத்தோம் என்றேன். கோபமாக இருக்கிறவன் என்ன கறி என்று கேட்பானா யசோ?

வேலை முடிந்து வரும் வழியில் மிக்றோ கடையில் நல்ல ஊதாக் கத்தரிக்காய் இரண்டு வாங்கினேன். தம்பியிடம் பொய் சொன்னதாக இருக்கக் கூடாது. அறைப் பொடியளுக்கும் சேர்த்து வைத்தேன். இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டேன். பழப்புளிதான் விட்டேன், அவன் சொன்னது சரி.

உன் அண்ணை,
சச்சி